பயனாளி இலக்கம் பதினான்கு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், மூன்றாம் மாடியில், நமசிவாயம் என்று ஒருவர் இருக்கிறார். வயது அறுபத்தேழு. அவருடைய பால்கனியில் நின்று கழுத்தை வலப்பக்கம் நன்றாகத் திருப்பினால் கடல் தெரியும். அவருக்குக் கழுத்து நோவு. முப்பத்தாறு வருடம் ஓர் அரசாங்கத் திணைக்களத்தின் பதிவறையில் இருந்து கோப்புகளுக்கு இலக்கம் போட்டவர். அவர் இலக்கம் போட்ட கோப்பு ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. ஒன்றையாவது யாரும் தேடி வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஓய்வு பெற்றதும் ஒரு சிக்கல் வந்தது. போடுவதற்கு இலக்கம் நிறைய மிச்சமிருந்தது, கோப்புகள்தான் இல்லை. ஆறு மாதம் வீட்டை ஒழுங்குபடுத்தினார். குசினிப் போத்தல்கள் எல்லாவற்றிலும் இலக்கம் ஒட்டினார். எட்டாம் இலக்கத்தை நம்பி மீன்குழம்புக்குள் சோடாத்தூளைப் போட்ட அன்று மனைவி நேசம், "இஞ்சாருங்கோ, உங்கட சேவையை இனி வெளியில வைச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டார். அப்படிப் பிறந்ததுதான் கருவேலன்குளம் நலன்புரிச் சங்கத்தின் கொழும்புக் கிளை.

கருவேலன்குளம் வன்னியில் இருக்கிறது. நமசிவாயம் பிறந்த ஊர். பத்தொன்பது வயதில் விட்டு வந்தவர், அதன்பிறகு அங்கே ஓர் இராத்திரி தங்கியதில்லை. சங்கத்துக்குக் கொழும்பில் ஒரு கிளை, ரொறன்ரோவில் ஒரு கிளை. மரம் எங்கே என்று கேட்கக்கூடாது. ரொறன்ரோவில் நிதி இருந்தது. கொழும்பில் கடிதத்தலைப்பும் றப்பர் முத்திரையும் இருந்தன. பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் நமசிவாயத்தின் ஹோலில் கூட்டம். அங்கத்தவர்கள் பதினொரு பேர். நாலு பேர் ஊருக்காக வருகிறவர்கள், மற்ற ஏழு பேர் ரோல்ஸுக்காக.

எந்தக் கூட்டமானாலும் செயலாளர் நமசிவாயத்தின் உரையில் ஒரு கதை வரும். எழுபத்தேழாம் ஆண்டு, கையில் ஒரு பையோடு கொட்டாஞ்சேனையில் வந்து இறங்கிய கதை. அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒருவர் பில் துண்டின் பின்பக்கத்தில், "இந்தப் பொடியனைத் தெரியும். களவெடுக்கான்" என்று எழுதிக் கொடுத்தார். அதை இவர் கொண்டுபோய்ப் புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் நீட்டினார். அன்று பின்னேரமே வேலை. அங்கிருந்துதான் சோதனை எழுதித் திணைக்களத்துக்குப் போனார். அந்தக் காலத்து மனிதர்களுக்கு இருந்த மனம் இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது என்று உரை முடியும். பதினொரு பேரும் தலையாட்டுவார்கள். உள்ளே ரோல்ஸ் சூடாக்கிக்கொண்டிருக்கும் நேசத்துக்குக் கதை பாராமல் பாடம். "களவெடுக்கான்" என்ற சொல் வந்ததும் அடுப்பை நிறுத்துவார், கணக்குச் சரியாக இருக்கும்.

சங்கத்தின் பிரதான பணி வாழ்வாதார உதவி வழங்குதல். வன்னியில் வாழ்வாதார உதவிக்கு ஒரு முறை உண்டு. ஆணுக்கு ஆடு, பெண்ணுக்குத் தையல் மிசின். ஆடு மேய்க்கத் தெரியுமா, தைக்க விருப்பமா என்றெல்லாம் கேட்டு ஆட்களைச் சங்கடப்படுத்துவதில்லை. கிராம அலுவலரிடம் ஒரு பட்டியல் இருக்கும். அதிலிருந்து பெயரை எடுத்து, இலக்கம் போட்டு, பாடசாலை மண்டபத்தில் பதாகை கட்டி, படம் எடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குமுன் வான் ஏறிவிடலாம். நமசிவாயத்தின் ஹோலில், கடவுள் படங்களுக்கு அடுத்ததாக, அப்படி எடுத்த படம் ஒன்று பெரிதாக்கப்பட்டுத் தொங்குகிறது. நடுவில் ஒரு தையல் மிசின். அதன்மேல் பதினொரு கைகள். மிசின் எங்கேயோ ஓடிவிடப் போகிறது, பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் புதிதாய்ப் பார்க்கிறவர் நினைப்பார். அதைப் பெற்றுக்கொண்டவளின் கைக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. பொருளாளர் வலன்ரைனின் முழங்கைக்குப் பின்னால் ஒரு நெற்றியும் ஒரு கண்ணும் தெரிகின்றன. அதுதான் பயனாளி இலக்கம் பதினான்கு.

அந்த நெற்றியும் கண்ணும், மிச்ச முகமும், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்றாம் மாடிக் கதவைத் தட்டின. லிஃப்ட் வழக்கம்போல வேலைசெய்யவில்லை. பிள்ளை படியேறித்தான் வந்திருந்தாள், மூச்சு வாங்கவில்லை. தோளில் ஒரு பை. இருபத்துநாலு வயது.

"நான் சுபோதினி, அங்கிள். கருவேலன்குளம். நீங்கள் எனக்கு மிசின் தந்தனீங்கள்."

நமசிவாயத்துக்குப் பெயர் பிடிபடவில்லை. இலக்கத்தைச் சொல்லியிருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். சுவர்ப்படத்தையும் முகத்தையும் இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு கண் பொருந்துவதை உறுதிசெய்தபின் உள்ளே விட்டார். நேசம் தேத்தண்ணீர் போட்டார். நன்றி சொல்லத்தான் பிள்ளை இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று எண்ணி, நமசிவாயம் மேற்சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

தையல் எப்படிப் போகிறது என்று கேட்டார்.

"நான் தைக்கிறேல்லை அங்கிள். எனக்குத் தைக்கத் தெரியாது."

பிறகு அவள் சொன்ன கதை இது. ஒரு வீடு ஒருதரம் பட்டியலில் ஏறிவிட்டால் இறங்காது. தகப்பன் இல்லாத வீடு என்பதால் அவர்கள் வீடு எல்லாப் பட்டியலிலும் முதலாவது. கொழும்புச் சங்கம் கொடுத்த மிசின் முதலாவது. அடுத்த வருடம் ஒரு தேவாலயம் ஒன்று கொடுத்தது. அதற்கடுத்தது லண்டனில் ஒரு கோயில் திருவிழாவில் மிஞ்சிய நிதியில் வந்தது. நாலாவதைத் தேர்தல் நேரத்தில் ஒருவர் கொடுத்தார். யாருக்குக் கொடுத்தோம் என்பதை அவரே மறந்திருப்பார். நாலும் விலை குறைந்த மிசின்கள். முதலாவது மூன்றாம் மாதம் இறுகியது. ஊரில் திருத்த ஆள் இல்லை. சுபோதினி அதைக் கழற்றிப் பார்த்தாள், பூட்டத் தெரியவில்லை. இரண்டாவது வந்தபோது அதைப் பார்த்து முதலாவதைப் பூட்டினாள். மூன்றாவது வருவதற்குள் தொழில் பிடிபட்டுவிட்டது. பிறகு பக்கத்து வீட்டு மிசின், அதற்குப் பக்கத்து வீட்டு மிசின். கருவேலன்குளத்தில் நாற்பத்தாறு குடும்பம், ஐம்பத்துமூன்று மிசின், தைக்க விரும்புகிறவர்கள் மூன்று பேர். ஒரு மெக்கானிக் உருவாவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறெங்கே இருக்கும். சங்கம் அறியாமலே ஒரு நல்ல காரியம் செய்திருந்தது.

இப்போது அவளுக்குக் கொழும்பில் ஒரு வேலை இருக்கிறது. கிராண்ட்பாஸில் இன்ஸாப் என்று ஒருவர், சின்னச் சின்ன ஆடைத் தொழிலகங்களின் மிசின்களைத் திருத்தும் வேர்க்ஷொப் வைத்திருக்கிறார். இரண்டு வருடமாக அவரிடம்தான் வட்ஸ்அப்பில் கேட்டுப் பாகங்கள் எடுப்பித்தாள். இவள் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வந்து வேலை செய்யிறீங்களா என்று அவரே கேட்டிருந்தார். தைக்கிற இடமெல்லாம் பெண்கள். பெண் மெக்கானிக் என்றால் அவருக்கு வசதி. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும் பார்த்தாகிவிட்டது. ஒன்றுதான் இல்லை. கொழும்பில் இருக்கிற யாராவது ஒருவர், இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். வாடிக்கையாளர்களின் கடைத்திறப்புக் கொத்தெல்லாம் கையில் இருக்கும் என்பதால் இன்ஸாப்புக்கு அது வேண்டும். விடுதிக்காரிக்கும் அதுவே வேண்டும். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கடிதம் இல்லையென்றால் கட்டில் வேறு ஆளுக்குப் போகும், இன்ஸாப்பும் வேறு ஆளைப் பார்ப்பார்.

"கொழும்பில எனக்குத் தெரிஞ்சது நீங்கள் மட்டும்தான் அங்கிள்."

நேசம் அலமாரியைத் திறந்து ஒரு பேனையை எடுத்து மேசையில் வைத்தார். அது அவசரப்பட்ட செயல். கடிதம் என்பது அப்படி எழுதுகிற பொருளா? கடிதத்தலைப்பு சங்கத்தின் சொத்து. முத்திரையும் சங்கத்தின் சொத்து. நிர்வாகசபைத் தீர்மானம் இல்லாமல் செயலாளர் முத்திரை குத்தினால், பிறகு யாரும் குத்தலாம் என்றாகிவிடும். நல்லவேளையாக வியாழக்கிழமை போயா. அதுவரை பிள்ளை இங்கேயே நிற்கலாம் என்று நமசிவாயம் பெருந்தன்மையாகச் சொன்னார்.

அவருக்கு உள்ளே வேறொரு புழு நெளிந்தது. ரொறன்ரோவுக்குப் போன ஆண்டறிக்கையில், பயனாளி இலக்கம் பதினான்கு ஊரில் தையல் நிலையம் நடத்தி நான்கு பேருக்கு வேலை வழங்கிவருகிறார் என்று ஒரு வசனம் இருந்தது. அது முந்திய வருட அறிக்கையில் இலக்கம் ஒன்பதுக்கு எழுதியது; வசனம் நன்றாக இருந்ததால் வீணாக்க மனம் வரவில்லை. இப்போது ரொறன்ரோக் கிளைத் தலைவர் பிரசாந் இரண்டு மாதத்தில் இலங்கை வருகிறார். தையல் நிலையத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார். நிலையத்தை நடத்துகிறவளோ நிலையமும் இல்லாமல், தையலும் தெரியாமல், இங்கே ஹோலில் இருந்து பாணுக்குச் சம்பல் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே செவ்வாயும் புதனும் அவர் அவளைத் திருத்த முயன்றார். ஊருக்குத் திரும்பிப்போய் ஒரு பெயர்ப்பலகை மட்டும் போட்டால் போதும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார். அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கலாமே, கதிரை, காற்றாடி, ஓய்வூதியம் என்றார். கணினியில் இருந்து அவளுக்கு ஒரு சுயவிபரக் கோவை தயாரித்து, தையற்கலையில் ஐந்து வருட அனுபவம் என்று அடித்துக் காட்டினார்.

"அது பொய் எல்லோ அங்கிள்," என்றாள் அவள், ஏதோ எழுத்துப் பிழையைக் காட்டுவதுபோல.

கொழும்பு பொல்லாத இடம், ஊரில் என்ன குறை என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஊரில ஒரு சவுக்காரம் வாங்கிறதெண்டாலும் நான் அம்மாட்டைக் கேட்டு, அம்மா சித்தப்பாட்டைக் கேட்டுத்தான். எந்தச் சவுக்காரம் எண்டு சித்தப்பாதான் சொல்லுவார். எனக்கு ஒருக்காவெண்டாலும் நானே ஒரு சவுக்காரம் வாங்கவேணும்."

நமசிவாயத்தின் முகத்தைப் பார்க்க, குளியலறையில் சவுக்காரம் முடிந்துவிட்டது என்று அவர் விளங்கிக்கொண்டதாகத்தான் தெரிந்தது. பின்னேரம் ஒரு கட்டி வாங்கிவந்து கொடுத்தார்.

நேசத்தின் மிசினை சுபோதினி திருத்தியதும் அந்தப் புதன்கிழமைதான். மகள் மெல்பேர்னிலிருந்து வந்தபோது வாங்கிக் கொடுத்த மிசின் அது. இரண்டு வருடமாக உழவு மெசின்போல இரைந்தது. நேசம் தலையணை உறை தைக்க இருந்தால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார். சுபோதினி ஒரு திருகாணிச் செலுத்தியும் மேசைக்கரண்டியும் வைத்துக்கொண்டு நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தாள். அடியில் சுழலும் கொக்கிக்குள்ளிருந்து ஒரு நூல் உருண்டையும், அதற்குள்ளிருந்து உடைந்த ஊசி முனை ஒன்றும் வந்தன. முக்கால் மணித்தியாலம். நேசம் இரண்டு உறை தைத்தார், சத்தமில்லை. கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, எல்லாரும் சுகந்தானே என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நேசம் அந்த ஊசி முனையை நூல் பெட்டிக்குள் பத்திரமாக எடுத்து வைத்தார். பிறகு, ஐந்தாறு வருடமாக வீட்டில் கூட்டம் நடக்கிறது, திருந்திய முதலாவது சாமான் இதுதான் என்று பொதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரல் நாலு விடயம் கொண்டது. பிரசாந்துக்குப் பொன்னாடையா மாலையா என்பது முதலாவது. ஒரு மணித்தியாலம் போனது. பதாகையில் அவர் படம் நடுவிலா ஓரத்திலா என்பது இரண்டாவது. மூன்றாவது ரோல்ஸ். நாலாவதாகப் பயனாளி இலக்கம் பதினான்கின் கடிதம் வந்தபோது பாதிப்பேர் செருப்புத் தேடத் தொடங்கியிருந்தார்கள். வலன்ரைன் மட்டும் நிமிர்ந்து இருந்தார். ஒரு கப்பல் கம்பனியில் முகாமையாளராக இருந்தவர், கப்பலில் போனதில்லை.

"பொம்பிளைப்பிள்ளை, கிராண்ட்பாஸ், கிறீஸ்," என்றார் அவர் விரல் மடித்து. "இந்த மூண்டும் ஒரு வசனத்தில வரக்கூடாது, செயலாளர். நாளைக்கு ஒரு மாப்பிள்ளை பாக்க வந்தால், கையைப் பாக்கமாட்டானோ?"

சுபோதினி அப்போதுதான் பிளேன்ரீத் தட்டத்தோடு வந்துகொண்டிருந்தாள். அவருடைய கோப்பையை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, "அவருக்கும் சேத்து நான் சவுக்காரம் வாங்குவன் அங்கிள். என்ர சம்பளத்தில," என்றாள்.

குசினிக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. கூட்ட அறிக்கையில் அது பதியப்படவில்லை. உப குழு அமைத்து ஆராய்வது என்று ஒருவர் முன்மொழிந்தார். சனிக்கிழமைக்குமுன் உப குழு கூடமுடியாது என்று இன்னொருவர் வழிமொழிவதுபோல எதிர்த்தார். கடைசியில், செயலாளர் தகுந்த முறையில் ஒரு கடிதம் எழுதுவதற்கு இச்சபை அதிகாரமளிக்கிறது என்று ஏகமனதாகத் தீர்மானமாகியது. அந்தத் தீர்மானத்தை எழுதி முடிக்கும் நேரத்துக்குள் பதினைந்து கடிதம் எழுதியிருக்கலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அதிகாரம் கிடைத்தபின் நமசிவாயம் ஏனோதானோ என்று இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க எழுதினார். மத்தியானம் நித்திரை கொள்ளவில்லை. நாலு தரம் திருத்தினார். அவர் மனதில் இப்போது பிள்ளைமேல் உண்மையிலேயே ஒரு இரக்கம் வந்திருந்தது. தன் எழுத்தை அவளுக்காகச் செலவழிக்கிறோம் என்கிற இரக்கம். பின்னேரம் மூன்று பக்கம் தயாராகியது. ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. உறையில் இட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்திலும் ஒரு முத்திரை. சுபோதினி இரண்டு கையாலும் வாங்கினாள். திறந்து பார்ப்பது மரியாதையில்லை என்று அப்படியே பைக்குள் வைத்தாள்.

சனிக்கிழமை மூவரும் ஓட்டோ பிடித்தார்கள். இடம் எப்படிப்பட்டது என்று பார்க்க நமசிவாயம், கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போக நேசம், வேலைக்கு சுபோதினி. ஓட்டோக்காரரிடம் நமசிவாயம் நாற்பத்தெட்டு வருடக் கொழும்புச் சிங்களத்தில் வழி சொல்ல, அவர் திரும்பிப் பின்னால் பார்த்து, "நங்கி, இவர் எங்க போகச் சொல்றார்?" என்று தமிழிலேயே கேட்டார்.

இன்ஸாப்பின் வேர்க்ஷொப் ஒரு சந்துக்குள் இருந்தது. வாசல்வரை மிசின்கள். உள்ளே எண்ணெய் மணம், ஒரு பழைய காற்றாடி, சுவரில் நாட்காட்டி. இன்ஸாப்புக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும்; கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். இரண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "வாங்க, இரிங்க" என்றார். நமசிவாயம் இருக்குமுன் ஸ்டூலை ஒருதரம் கைக்குட்டையால் தானும் துடைத்துக்கொண்டார். மணி பதினொன்று பத்து.

இன்ஸாப் உறையைக் கிழித்தார். கண்ணாடியை இறக்கினார். வாசிக்க வாசிக்க அவருடைய உதடு மெதுவாக அசைந்தது. நீர்வளமும் நிலவளமும் நிறைந்து, சான்றோர் பலரை ஈன்றெடுத்த கருவேலன்குளப் பதியின் வரலாறு முதலாம் பக்கம். அப்பதியின் மைந்தரும், முன்னாள் சிரேஷ்ட பதிவறை உத்தியோகத்தரும், சங்கத்தின் ஸ்தாபகச் செயலாளருமாகிய திரு. நமசிவாயம் அவர்கள் எழுபத்தேழாம் ஆண்டு கையில் ஒரு பையோடு கொழும்பு வந்து, இரும்புக்கடையில் தொடங்கி, நேர்மையினாலும் அயராத உழைப்பினாலும் உயர்ந்த வரலாறு இரண்டாம் பக்கம். ஆட்டுக்குட்டிகள், மிசின்கள், பொன்னாடைகள் ஆகியவற்றின் தொகை மூன்றாம் பக்கம். அதன் அடியில், முத்திரைக்கு இடம் விட்டு, "இவ்வரும்பணியினால் பயன்பெற்ற பயனாளி இல. 14 இக்கடிதத்துடன் சமுகமளிப்பார். ஆவன செய்யவும்."

இன்ஸாப் முதலாம் பக்கத்துக்குத் திரும்பினார். பின்பக்கத்தையும் பார்த்தார்.

"நல்ல கடிதம் சேர்," என்றார். "நான் பொய் சொல்லல்ல, மிச்சம் நல்ல மனிசன் ஒருத்தர் இதுல ஈக்கிறாரு. நேர்மை, உழைப்பு, இரும்புக்கடை அனுபவமும் ஈக்கிது. அவர நான் இன்னைக்கே வேலைக்கு எடுப்பேன். ஆனா இந்தத் தங்கச்சிட பேரு எங்க?"

நமசிவாயம் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். இலக்கத்தைச் சுட்டிக் காட்டினார்.

"அது நம்பர் சேர். நாளைக்கு ஒரு கடையில திறப்பு காணாமப் போனா, நான் பதினாலாம் நம்பரத் தெரியும்னு பொலிஸுல சொல்ல ஏலுமா? விடுதியில அந்த அம்மா என்னையும் விட மோசம். பேரு, ஐடி நம்பர், யாரு தெரியும்னு சொல்றாரு, அவ்வளவுதான் அவ பாக்கிறது. வேற ஒண்டும் வாசிக்க மாட்டா."

முப்பத்தாறு வருடத்தில் நமசிவாயம் ஒரு கோப்புக்கும் பெயர் போட்டதில்லை. பெயர் மாறும், தேயும், ஒரே பெயரில் பத்துப்பேர் இருப்பார்கள். இலக்கம் ஒருபோதும் ஏமாற்றாது. இவ்வளவு காலம் கழித்து, எண்ணெய்க் கையோடு ஒருவர் அதைப் பிழை என்கிறார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, திருத்தம் செய்யலாம் என்றார். ஆனால் சபை அதிகாரமளித்தது ஒரு கடிதத்துக்குத்தான். திருத்திய கடிதம் என்றால் அது இரண்டாவது கடிதம். சபை மறுபடி கூடவேண்டும். அடுத்த போயா இருபத்தேழு நாளில் வருகிறது.

மணி பதினொன்று முப்பத்தைந்து. சுபோதினி பக்கத்தில் கிடந்த மிசின் ஒன்றின் சக்கரத்தில் கை வைத்து, அது இறுக்கமா என்று மெல்ல உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், போகிற போக்கில் அதையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்பதுபோல. நமசிவாயம் அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க நாட்காட்டியைப் பார்த்தார்.

"தம்பி, உங்கட பில் புத்தகத்தைத் தாங்கோ," என்றார் நேசம்.

இன்ஸாப் கொடுத்தார். நேசம் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பி, மிசின் தட்டில் வைத்து எழுதத் தொடங்கினார். நமசிவாயத்துக்குப் பதற்றமாகிவிட்டது. தலைப்பு இல்லை, இலக்கம் இல்லை, முத்திரை இல்லை. பில் துண்டில் எழுதுகிற கடிதத்துக்கு ஒரு பெறுமதி உண்டா, இது சங்கத்தின் கௌரவப் பிரச்சினை என்று காதுக்குள் சொன்னார்.

நேசம் பேனையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் உங்களுக்கு எழுதினதுக்கு எந்தச் சபை அதிகாரம் குடுத்தது?"

சந்துக்குள் ஒரு தள்ளுவண்டி சத்தமாகப் போனது. நமசிவாயம் அவருடைய காதை விட்டு நிமிர்ந்தார். அந்தக் கதையை அவர் நூறு தரம் சொல்லியிருக்கிறார். கேட்டது இதுதான் முதல் தடவை.

நேசம் எழுதியது இவ்வளவுதான். "சுபோதினியைத் தெரியும். எங்கட வீட்டில நிண்டவள். என்ர மிசினைத் திருத்தினவள், இப்ப சத்தமில்லை. பொய் சொல்லச் சொன்னாலும் சொல்லாள்." கீழே இருவருடைய அடையாள அட்டை இலக்கங்களும், வீட்டு விலாசமும், தொலைபேசி இலக்கமும், கையெழுத்தும். கடைசி வசனத்தை எழுதும்போது கணவர் பக்கம் ஒரு சின்னப் பார்வை போய் வந்தது.

இன்ஸாப் வாசித்தார். உதடு அசையத் தேவைப்படவில்லை. அங்கேயே கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, தாளைச் சுபோதினியிடம் கொடுத்தார். "இத விடுதியில குடுங்க தங்கச்சி. நடந்தா பத்து நிமிஷம். திங்கக்கிழம எட்டு மணிக்கு வாங்க." பிறகு நமசிவாயத்தின் மூன்று பக்கத்தையும் மரியாதையாக மடித்து, "இதையும் நான் வெச்சுக்கிறேன் சேர், தாள் நல்ல தடிப்பா ஈக்கிது," என்றார். எதற்கென்று சொல்லவில்லை. பக்கத்தில் எண்ணெய் சொட்டும் மிசின் ஒன்று இருந்தது.

நமசிவாயம் தன்னை மறந்து எழுந்து, நேரமாகிறது, ஓட்டோவில் போ பிள்ளை என்றார். சுபோதினி அதற்குள் சந்து முனையில் இருந்தாள். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கையில் கட்டில் அவளுடையதாகியது என்று பிறகு நேசத்துக்குச் செய்தி வந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பிரசாந் வந்து இறங்கினார். நல்ல பிள்ளை; எதைக் கண்டாலும் வியப்பவர். தையல் நிலையம் தலைநகருக்கே விரிவடைந்துவிட்டது என்று நமசிவாயம் சொன்னதை வியந்து நம்பினார். நிர்வாகசபை முழுவதும் பதாகையோடு ஒரு வான் பிடித்துக் கிராண்ட்பாஸ் போனது. சந்துக்குள் வான் நுழையாது. பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வலன்ரைன் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார்.

சுபோதினிக்கு இரண்டு நாளைக்குமுன்பே அறிவித்தாகிவிட்டது. அவள் வாசலில் நின்றாள், தலையில் ஹெல்மெட். தோளில் கருவிப் பை. பிரசாந்துக்கு வணக்கம் சொன்னாள். தெஹிவளையில் ஒரு இடத்தில் ஆறு மிசின் நிற்கிறதாம், பன்னிரண்டு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்களாம், போகவேணும் என்றாள். நமசிவாயம் கெஞ்சும் குரலில், ஒரு பத்து நிமிஷம், ஒரேயொரு படம் என்றார்.

"நீங்கள் எடுங்கோ அங்கிள். மிசின் உள்ள இருக்குது. ஆர் கைவைச்சாலும் பரவாயில்லை, நான் இன்னும் துடைக்கேல்லை."

அவள் ஏறிய வேர்க்ஷொப் ஸ்கூட்டர் சந்து முனையைத் தாண்டிப் போனது. அந்தப் பொன்னாடையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, இன்ஸாப்புக்குப் போர்த்தினார்கள். அவர் அதை மடித்துத் தந்துவிட்டு, படம் எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் படம் இப்போது பழைய படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நடுவில் ஒரு மிசின். அதன்மேல் கைகள், இந்தமுறை பிரசாந்துடையதும் சேர்த்துப் பன்னிரண்டு, மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு. அடியில் நமசிவாயம் அழகான எழுத்தில் தலைப்பு இட்டிருக்கிறார். இலக்கத்தை எழுதி வெட்டிவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாகப் பெயரை எழுதினார். "வெற்றியாளர் செல்வி சுபோதினியுடன் நிர்வாகசபையினர்."

கூட்டத்துக்கு வருகிறவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப்போய், இதில் சுபோதினி எங்கே என்று தேடுவார்கள். வலன்ரைனின் முழங்கைக்குப் பின்னாலும் பார்ப்பார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து, சாப்பிட்டு, தான் வாங்கிவந்த சவுக்காரக் கட்டி ஒன்றைக் குளியலறையில் வைத்துவிட்டுப் போகிறவளுக்கும் அந்தப் படத்தைக் காட்டினார் நமசிவாயம். அவள் சிரித்தாள்.

நேசம் மட்டும் ரோல்ஸ் தட்டத்தோடு அதைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் நிற்பார். "இந்தப் படத்திலதான் பிள்ளை வடிவா இருக்கிறாள்," என்பார்.